பற்று

கீழமாசி வீதி இரும்புக் கடையில்
முப்பத்தோரு வருஷமாய்க் கணக்கெழுதுகிறேன்.
இடப்பக்கம் பற்று, வலப்பக்கம் வரவு.
ஒரு பெயரை அடித்தால் பக்கத்தில்
சுருக்கொப்பம் இடாமல் விட்டதில்லை,
ஒரே ஒரு தரம் தவிர.

பெரிய வியாழனுக்குப் பாதம் கழுவ
பன்னிரண்டு பேர் வேண்டும்.
பங்குச்சாமி சொல்லச் சொல்ல எழுதினேன்,
பேரவைச் செயலாளன் என்ற முறையில்.
ஒன்பதாவது பெயர் ஆரோக்கியம்.
மாநகராட்சியில் பாதாளச் சாக்கடை அடைப்பெடுப்பவர்.
வலது காலில் ஆறாத புண்.
'வெள்ளைத் துண்டுல பட்டுரும் சாமி,
முன் வரிசையில பிள்ளைங்க இருக்கும்' என்றேன்.
சாமி மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்,
துடைத்துக்கொண்டே இருந்தார்.
அதைச் சம்மதமென்று வைத்துக்கொண்டு
ஒரு கோடு இழுத்தேன்.
கோட்டுக்கு மேலே: ச. தனிஸ்லாஸ்.
நான்தான்.

வியாழன் சாயங்காலம்
பிலோமி கல்லால் தேய்த்துத் தேய்த்துக்
குதிகால் வெடிப்பின் கறுப்பையெல்லாம் எடுத்தாள்.
நகம் வெட்டினேன். தேங்காயெண்ணெய் வைத்தேன்.
கோயில் வரைக்கும் ஆட்டோ.
கழுவப் போகிற காலில்
புழுதி படலாமா?

பிந்திப் போனவனுக்குக் கடைசி நாற்காலி.
காட்டிக்கொடுத்தவன் இடம் என்று
பீடச் சிறுவர்கள் தங்களுக்குள் சிரிப்பார்கள்.
உட்கார்ந்தேன்.
அளவெடுத்துச் செய்ததுபோல் இருந்தது.

பன்னிரண்டு வலது பாதங்கள்,
பன்னிரண்டிலும் சோப்பு வாசம்.
செம்பிலிருந்து விழுந்த தண்ணீர்
விழுந்த நிறத்திலேயே தாம்பாளத்தில் கிடந்தது.
என் காலைத் துடைத்த சாமி
ஒரு கணம் அதையே பார்த்தார்,
எதையோ தேடுகிறவர்போல.

மணிகள் ஓய்ந்து மரக்கட்டை தட்டும் இரவு.
ஆட்டோ ஒன்றும் நிற்கவில்லை.
கிருதுமால் ஓரமாய் நடந்தேன்.
வீட்டுப் பத்திரத்தில் எல்லை எழுதும்போது மட்டும்
அது இன்னும் ஆறு.

மூடி திறந்து கிடந்தது.
பக்கத்தில் சிமெண்டுக் கட்டையில் ஆரோக்கியம்,
புண்ணில் சுற்றிய பாலித்தீன் பையை அவிழ்த்துப் போட்டு,
பாட்டில் தண்ணீரில்
தன் காலைத் தானே கழுவிக்கொண்டிருந்தார்.
'பூசை முடிஞ்சுதாண்ணே?' என்றார்.
'என் பேரும் இருந்துச்சாமே, சாமி சொன்னாரு.
நல்லவேளை எடுத்துட்டீங்க.
இன்னைக்குன்னு பார்த்து அடைச்சுக்கிச்சு,
நான் எங்க வந்திருக்கப் போறேன்.'

பாட்டிலைக் கேட்டு வாங்கினேன்.
'தள்ளி நில்லுங்க, வேட்டி பாழாயிரும்.'
ஊற்றினேன்.
நின்றபடியே ஊற்றினேன்.
குனி, என்றது உள்ளே ஏதோ.
முழங்கால் கேட்கவில்லை.
நாற்றம் தொண்டை வரைக்கும் வந்து நின்றது.
கறுத்த நீர் சிமெண்டில் பட்டு
எண்ணெய் மினுங்கும் என் காலில் தெறித்தது.

பதறிக் குனிந்தவர் அவர்.
தலையில் கட்டியிருந்த துண்டை உருவி
விரலிடுக்கு வரைக்கும் துடைத்துவிட்டார்,
'ஐயையோ, ஐயையோ' என்று சொல்லிக்கொண்டே.
ஒரே ராத்திரியில் இரண்டு தடவை.
இரண்டாவது தடவைதான்
காலில் அழுக்கு இருந்தது.

பின்பற்று, பின்பற்று என்று
புதுநன்மை வாங்கிய நாளிலிருந்து கேட்கிறேன்.
பின்னால் போவது என்றே நினைத்திருந்தேன்,
மெழுகுவர்த்தியைக் கையால் மறைத்துக்கொண்டு
முன்னே போகிறவர் முதுகைப் பார்த்து நடக்கும்
தேர்பவனி மாதிரி.
அந்தச் சொல்லுக்குள்ளேயே ஒரு பற்று கிடப்பது
கணக்குப்பிள்ளை கண்ணில் படவில்லை.

சனிக்கிழமை கடை திறந்ததும்
பேரேட்டின் கடைசித் தாளைப் பிரித்தேன்.
தனிஸ்லாஸ் கணக்கு.
பற்று: ஆரோக்கியத்திடம், துண்டு ஒன்று.
வரவுப் பக்கம் பேனாவை வைத்தேன், எடுத்தேன்.
'என்னய்யா அது?' என்றார் முதலாளி.
'பாக்கி' என்றேன்.

பிறகு சட்டைப் பையிலிருந்து
அந்தப் பட்டியலை எடுத்து விரித்து
ஒன்பதாவது வரியில்,
கோட்டுக்குப் பக்கத்தில்,
சுருக்கொப்பம் போட்டேன்.